மோலில் பழத் திருவிழா: கொழும்பில் கொழும்பானைக் காணவில்லை

முற்றத்துமல்லி
சனி, இரவு 9.40

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு காலி வீதிப் பக்கம் உள்ள ஒரு மோலுக்குப் போனேன். மோலின் பெயர் வேண்டாம். நான் சொல்ல வாறது ஒரு இடத்தைப் பற்றி மட்டும் இல்லை. வாசலில் பெரிய பதாகை, 'கோடைகாலப் பழத் திருவிழா' எண்டு மூன்று மொழியிலும் போட்டிருந்தது. அம்மா ஒரு கிழமைக்கு முன்னமே கலண்டரில் அந்தத் திகதியை வட்டம் போட்டு வைச்சிருந்தா.

அம்மா யாழ்ப்பாணத்து நீர்வேலியில் பிறந்து வளர்ந்தவ. முழங்கால் நோவு வந்த பிறகு மூன்று வருசமாக ஊர்ப்பக்கம் போகேல்லை. ஆனி பிறந்தால் அவவுக்குக் கறுத்தக் கொழும்பான் மாம்பழ நினைப்பு வந்திடும். 'பழத் திருவிழா எண்டால் அது இல்லாமலோ' எண்டு சொல்லித்தான் வெளிக்கிட்டவ.

உள்ளே நல்ல அலங்காரம். பச்சைப் புல் மாதிரி விரிப்பு, வைக்கோல் தொப்பி போட்ட பிள்ளைகள், சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில் தர்ப்பூசணி வரைஞ்சு விட ஒரு மேசை. செரி, கிவி, விதையில்லாத முந்திரிகை (திராட்சை), சிவப்பு அப்பிள் எல்லாம் கோபுரமாக அடுக்கியிருந்தது. டிராகன் பழத்துக்குத் தனிக் கடை. ஒரு மூலையில் மாம்பழம். எல்லாம் ஒரே அளவு, ஒரே மஞ்சள்.

அம்மா ஒண்டைத் தூக்கிக் காம்படியை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனா. பெருவிரலால் காம்புக்குக் கீழே லேசாக அமத்திப் பார்த்தா. பிறகு அங்க நிண்ட தம்பியிட்டை 'இது என்ன இனம் மகன்' எண்டு கேட்டா. அந்தப் பிள்ளை பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒட்டியிருந்த தாளில் நிறையும் விலையும் மட்டும்தான். பாவம், போன் எடுத்து ஆரிட்டையோ கேட்டும் பார்த்தது. கடைசியில் 'நல்ல இனிப்பு அம்மா' எண்டு மட்டும் சொல்லிச்சுது. அம்மா பழத்தை எடுத்த இடத்திலேயே வைச்சிட்டா. 'பேர் தெரியாத பழத்தை என்னெண்டு பிள்ளை வாங்கிறது?'

வீட்டை வந்தும் எனக்கு மனம் ஆறேல்லை. கொழும்பின்ரை பேரைச் சுமக்கிற மாம்பழம் கறுத்தக் கொழும்பான். வெள்ளைக் கொழும்பானும் இருக்குது. கொழும்பில் பழத் திருவிழா வைச்சு அதில் ஒரு கொழும்பான்கூட இல்லை எண்டால் என்ன திருவிழா? அதுக்கு மேலாக, இருந்த பழத்துக்கும் பேர் இல்லை, ஊர் இல்லை, எப்ப பிடுங்கினது எண்டும் இல்லை. வேறை ஆரும் போனீங்களோ? உங்களுக்கு என்ன தோணுது?


சந்தைக்கணக்கு
சனி, இரவு 10.15

தங்கச்சி, நான் 20 வருசமாகப் பழ வியாபாரம். முதலில் புறக்கோட்டை மனிங் சந்தையில், 2020 நவம்பரில் சந்தை பேலியகொடைக்கு மாறின பிறகு அங்கே.

அந்த மஞ்சள் பழம் பெரும்பாலும் டொம் ஈஜேசி என்ற மாம்பழ இனமாக இருக்கும். அரைக் கிலோவுக்கு மேல் வரும், நார் இல்லை, கொட்டை சின்னது, தோல் பழுக்கும்போது அழகாக நிறம் மாறும். மோலுக்கு அதுதான் தோது. குறை சொல்ல முடியாத பழம், நானும் விற்கிறேன்.

கறுத்தக் கொழும்பான் அப்படி இல்லை. பழுத்தாலும் தோல் கரும்பச்சையாகவே கிடக்கும். அதனால்தானே அந்தப் பெயர். தெரியாத ஆள் பார்த்தால் காய் என்று விட்டுவிட்டுப் போவார். உள்ளே வெட்டினால் செம்மஞ்சள். இதை ஒவ்வொரு ஆளுக்கும் விளங்கப்படுத்த மோல் கடையில் யாருக்கும் நேரம் இல்லை. விளங்கப்படுத்த முடியாதவன் என்ன செய்கிறான்? காயைப் பழுக்க வைக்கிற இரசாயனக் கல்லு வைக்கிறான். தோல் மஞ்சளாகும், உள்ளே புளிக்கும். அதைத் தின்றவர் அடுத்த வருசம் அந்தப் பழத்தின் பக்கமே வர மாட்டார். ஒரு நல்ல இனம் இப்படித்தான் சந்தையில் கெட்ட பெயர் எடுக்கிறது. என் கண் முன்னால் நடந்தது.

பயணத்தையும் யோசியுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். சாக்கில் கட்டி, மேலே இன்னொரு சாக்கு, அதற்கு மேலே ஒரு ஆள் ஏறி இருந்து வந்தால் கீழே உள்ளது கூழ். 2011 முடிவில் பிளாஸ்டிக் கூடை கட்டாயம் என்று கொண்டு வந்தபோது எவ்வளவு எதிர்ப்பு. வெறுங்கூடை திரும்பிப் போகிற கூலியை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு அன்றைக்கு ஒருவரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. பழம், மரக்கறியில் 30 முதல் 40 வீதம் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையில் அழிகிறது என்று அதிகாரிகள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். அந்த வீதம் எங்கள் குப்பைத் தொட்டியில் தினமும் தெரியும்.


மூன்றாம்மாடி
சனி, இரவு 11.02

நான் இப்படியான விழாக்களை ஒழுங்கு செய்கிற வேலையில் சில வருடங்கள் இருந்தவன். மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

விழா 10 நாள் என்றால், முதல் நாள் இருக்கிற பழம் பத்தாம் நாளும் அதே அளவில், அதே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்கும். இறக்குமதியாளரால் அந்த உறுதியைக் கொடுக்க முடியும். அவருடைய பழம் குளிர்க் களஞ்சியத்தில் இருக்கிறது. அரை ஏக்கர் தோட்டக்காரரால் முடியாது. இரண்டு நாள் மழை பெய்தால் அவருக்குப் பழம் இல்லை. பிறகு இடவாடகை. அதைப் பெரும்பாலும் இறக்குமதியாளர்தான் கட்டுகிறார், அதனால் நடுவிடமும் அவருக்கே போகிறது. தூரியன் வேண்டாம் என்பார்கள், ஏசி குழாய் வழியாக மணம் மேல்மாடித் துணிக்கடை வரைக்கும் போகும். பலாப்பழத்தை அங்கேயே வெட்டக்கூடாது, தரையில் பால் ஒட்டும்.

இதெல்லாம் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. ஆனால் முற்றத்துமல்லி கேட்ட கேள்வியை நாங்கள் ஒரு கூட்டத்திலாவது கேட்டிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. பழத்தின் இனம், ஊர், பிடுங்கிய நாள் என்று மூன்று வரி அச்சடிக்கச் செலவே இல்லை. இவ்வளவு காலமும் அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அதற்காக வருந்துகிறேன்.


கங்கைக்கரை
ஞாயிறு, காலை 6.25

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நான் மல்வானை. களனி கங்கைக்குப் பக்கத்திலதான் எங்கட வளவு. வாப்பா வைத்த ரம்புட்டான் மரம் 14 நிக்குது.

நானும் ஒரு மோல்ல ரம்புட்டான் பார்த்தேன். 12 பழம், பிளாஸ்டிக் பெட்டி, மேல கண்ணாடித் தாள். எங்கட ஊர்ல ரம்புட்டான நிறுக்கிற பழக்கம் இல்ல, எண்ணித்தான் குடுப்போம், 50, 100 என்டு. பெட்டில இருந்த பழத்துட மயிர் எல்லாம் கறுத்துச் சுருண்டு கெடந்திச்சி. பார்த்த உடன நெஞ்சு ஒரு மாதிரி ஆயிட்டு.

காரணத்தச் சொல்றேன். ரம்புட்டான்ல இருந்து தண்ணி வத்திப் போறது கூடுதலா அந்த மயிர் வழியாத்தான். பிடுங்கி ரெண்டு மூணு நாள்ல மயிர் வாடும், பொறகு தோல் கறுக்கும். உள்ளுக்கு சதை நல்லா இருந்தாலும் வாங்குறவங்க கை வைக்க மாட்டாங்க. மோல் ஏசி காத்து காஞ்ச காத்து. அதுக்கு நேர வெச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும். நாங்க என்ன செய்வோமென்டா, காலையில பனி காய முந்திப் பிடுங்கி, கொத்தோட, எலையோட கூடையில வெச்சி, மேல ஈரச் சாக்கு போடுவோம். அதே கூடைய அப்படியே மோல்ல வெச்சா என்ன? பார்க்கவும் அழகு, பழமும் நிக்கும்.

இன்னொன்டு. இது மாம்பழம் மாதிரி இல்ல, பிடுங்கின பொறகு பழுக்காது. மரத்துல எவ்வளவு இனிப்பு ஏறிச்சோ அவ்வளவுதான். அதனால நெறம் வர முந்தி பிடுங்கி அனுப்புறவன் ஏமாத்துறான். மல்வானைப் பழத்த வாயில போட்டா சதை கொட்டைய விட்டுக் கழண்டு வரணும். அதப் பாத்துத்தான் நாங்க மரத்தயே மதிப்போம். இப்ப எங்க வெளஞ்ச பழத்துக்கும் 'மல்வானை' என்டு பேர் போட்டு விக்கிறாங்க, அது வேற வருத்தம். பேர் போடச் சொல்றீங்க, சரி. பொய்ப் பேர் போட்டா என்ன செய்யப் போறம்?

ராவைக்கு வௌவாலுக்குக் காவல் இருக்கணும். வாப்பா டின் கட்டிக் கயிறு இழுத்தாரு, நான் வலை போடுறேன். உம்மா இன்டைக்கும் விடிய எழும்பினா முதல்ல மரத்தடியில என்ன விழுந்து கெடக்கு என்டுதான் பார்ப்பா. அந்தப் பழம் பெயர் இல்லாம ஒரு பெட்டிக்குள்ள கெடக்குறதப் பார்க்க ஏலாது.


நாலுபேர்_வீடு
ஞாயிறு, காலை 9.10

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மோல் என்ன செய்யும்? விற்கிறதை வைக்கிறார்கள். என் இரண்டு பிள்ளைகளும் செரியும் கிவியும் கேட்கிறார்கள். பச்சைத் தோல் மாம்பழத்தைத் தொடமாட்டார்கள். காலி வீதி நடைபாதையில் கறுத்தக் கொழும்பான் குவித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் அங்கே வாங்கலாம். ஏன் மோலில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்? வெளிநாட்டுப் பழம் சாப்பிடுவது குற்றமும் இல்லை. காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகும்போது நாங்கள் எல்லோரும் அப்பிளும் முந்திரிகையும்தானே வாங்கிக்கொண்டு போகிறோம்.


முற்றத்துமல்லி
ஞாயிறு, காலை 9.48

நாலுபேர்_வீடு அண்ணா, நீங்கள் சொல்லுறது நியாயம். வெளிநாட்டுப் பழம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. என்ரை மகளும் செரி கேட்டவள், வாங்கிக் குடுத்தனான்.

ஆனால் பாருங்கோ. அங்க செரிக்குப் பக்கத்தில் எந்த நாடு எண்டு கொடி வைச்சிருந்தது. கிவிக்கும் நாடு போட்டிருந்தது. எங்கடை பழத்துக்கு மட்டும் ஊர் இல்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு வளருதுகள். பேரோடை வாறது மதிப்பான பழம், பேர் இல்லாமல் மூலையில் கிடக்கிறது சும்மா பழம் எண்டுதானே அதுகளின்ரை மனசில் பதியும்? அம்மாவுக்கு விலாட்டு, அம்பலவி, செம்பாட்டான், வெள்ளைக் கொழும்பான் எண்டு கண்ணை மூடிக்கொண்டு மணத்தில் சொல்லத் தெரியும். எனக்கு அதில் இரண்டுதான் தெரியும். என்ரை மகளுக்கு 'மேங்கோ' ஒண்டுதான். மூன்று தலைமுறையில் இவ்வளவு போயிட்டுது.

கங்கைக்கரை நானா, ஈரச்சாக்குக் கதையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். 'அந்தப் பிள்ளைக்குப் பழம் தெரியும்' எண்டா.


பசறைப்பையன்
ஞாயிறு, பகல் 12.30

நம்ம மலைப்பக்கத்தையும் சேத்துக்கங்க அக்கா. பட்டர் ஃபுரூட் (அவகாடோ), பேரிக்காய், கொடித்தோடை, மரத்தக்காளி எல்லாம் இருக்கு. நுவரெலியா ஸ்ட்ராபெரிய மட்டும் மோல்ல வைக்கிறாங்க, மத்தத யாரும் கேக்கறதில்ல. எங்க லயத்துக்குப் பின்னால நிக்கிற மரத்துல பட்டர் ஃபுரூட் காய்ச்சா யாவாரி வந்து மரத்தோட மொத்தமா பேசிட்டுப் போயிருவாரு. அம்மா கையில கெடைக்கிறது கொஞ்சம். அதே காய கொழும்புல நான் வேலை செய்யிற எடத்துக்குப் பக்கத்துல ஒண்ணு ஒண்ணா தாள் சுத்தி விக்கிறாங்க. வெலையப் பாத்துட்டு அம்மாகிட்ட சொல்லல.


ஒட்டுக்கன்று
ஞாயிறு, பிற்பகல் 3.05

விவசாயம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். சந்தைக்கணக்குத் தம்பி சொன்ன 'கல்லு' பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், இதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது.

மாம்பழம், வாழை, பப்பாசி, பட்டர் ஃபுரூட் ஆகியவை முற்றிய காயாகப் பிடுங்கினாலும் பிறகு பழுக்கும். பழமே எதிலீன் என்ற வாயுவை உண்டாக்கும், அதுதான் பழுக்கச் சொல்லிக் கட்டளை கொடுக்கிறது. ஒரு பழுத்த பழத்தைக் காய்களுக்குள் வைத்து மூடினால் மற்றவையும் பழுப்பது அதனால்தான். வைக்கோலுக்குள் வைப்பதும், வாழைக்குலைக்குப் புகை போடுவதும் இதே அடிப்படையில்தான். ஒழுங்கான முறையில் எதிலீன் கொடுத்துப் பழுக்க வைப்பதில் தவறு இல்லை, உலகம் முழுவதும் செய்கிறார்கள்.

கல்லு என்பது கல்சியம் காபைட். ஈரம் பட்டால் அசற்றலீன் வாயு வரும், அது தோலின் நிறத்தை மாற்றும். சந்தைத் தரக் காபைட்டில் ஆசனிக், பொஸ்பரஸ் கலப்பு இருக்கும், அதுதான் ஆபத்து. முற்றாத காயையும் மஞ்சளாக்கிவிடும் என்பதால் ருசியும் இருக்காது. தோல் ஒரே சீராக மஞ்சளாக இருந்து, காம்படியில் மணமே இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். முற்றத்துமல்லியின் அம்மா மூக்கில் வைத்துப் பார்த்தது சரியான சோதனை.

இன்னொரு விடயம். மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் கடுங்குளிரில் வைக்கக்கூடாது. 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தோல் கறுத்து, மணம் செத்துவிடும். செரிக்கும் அப்பிளுக்கும் ஏற்ற குளிர்ப்பெட்டி இவற்றுக்கு ஏற்றதல்ல. ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கினால் தோற்பது எங்கள் பழந்தான்.

கறுத்தக் கொழும்பான் ஏன் கொழும்பில் சரியாகக் காய்ப்பதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். பூக்கும் நேரம் வறட்சி வேண்டும். மழை பட்டால் பூ கருகி உதிரும். உலர் வலயம்தான் அதற்கு வீடு.


பனையடி
ஞாயிறு, மாலை 5.20

நுங்கை ஒருத்தரும் சொல்லேல்லையே! இந்த மழைக்கு முந்தின வெக்கைக்கு நுங்கைவிட வேறென்ன பழம்? ஆவணியில் பனம்பழம், பனங்காய்ப் பணியாரம். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் இருந்து இருக்குது. அவைக்கு ஒரு மேசை குடுக்கச் சொல்லுங்கோ.


மூன்றாம்மாடி
ஞாயிறு, இரவு 8.45

எல்லாவற்றையும் வாசித்தேன். புலம்புவதோடு விடாமல் மோல் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோம். நான் அந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் எது நடக்கும், எது நடக்காது என்று எனக்குத் தெரியும். பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. மூன்று வைப்போம்.

முதலாவது, உள்ளூர்ப் பழத்துக்கு இனம், ஊர், பிடுங்கிய நாள் எழுதிய சீட்டு. இரண்டாவது, 10 நாளும் ஒரே பழம் என்று கேட்காமல் நாளுக்கு ஒரு ஊர். ஒரு சனிக்கிழமை மல்வானை, ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணம், அடுத்த சனி களுத்துறை மங்குஸ்தான். பழம் முடிந்தால் முடிந்தது என்று எழுதிவிடலாம், அதில் வெட்கம் இல்லை. மூன்றாவது, விளைவித்தவருக்கு வாடகை இல்லாத ஒரு மேசை. விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கடைகளில் பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே விற்கிறார்கள், சனம் வரிசையில் நிற்கிறது. அதே மாதிரிப் பழத்துக்கும் செய்யலாம்.

கங்கைக்கரை கேட்ட பொய்ப் பெயர்ப் பிரச்சினைக்கும் மூன்றாவதுதான் பதில் என்று நினைக்கிறேன். மரத்துக்குச் சொந்தக்காரர் மேசைக்குப் பின்னால் நிற்கும்போது பொய்ச் சொல்ல இடம் குறைவு.


நாலுபேர்_வீடு
ஞாயிறு, இரவு 9.20

மங்குஸ்தான் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. பழத்தின் அடியில் பூப்போல சின்ன இதழ் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. சின்ன வயதில் களுத்துறைக்குப் போகும்போது அப்பா வண்டியை நிறுத்தி, எங்களை எண்ண வைத்து, பிறகுதான் உடைப்பார். என் பிள்ளைகளுக்கு இதை நான் இதுவரை காட்டியதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கடிதத்தில் என் பெயரையும் போடுங்கள். மேசைக்குப் பின்னால் ஒருவர் நின்று இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் செரியை மறந்துவிட்டு எண்ணத் தொடங்குவார்கள்.


சந்தைக்கணக்கு
ஞாயிறு, இரவு 9.55

யாழ்ப்பாணத்து நாளுக்குப் பழம் கொண்டு வருகிற பொறுப்பு என்னுடையது. சாக்கு இல்லை, கூடை. வெறுங்கூடை திரும்பிப் போகிற கூலியும் என் கணக்கில். பிடுங்குகிறவர்கள் கொக்கத்தடியால் தட்டி விழுத்தாமல் வலைப்பையில் விழுத்தி, காம்பில் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும். பால் தோலில் வடிந்தால் அந்த இடம் கருகும். பச்சைத் தோலைப் பார்த்துச் சனம் பயப்படாமல் இருக்க ஒரு பழத்தை வெட்டி முன்னால் வையுங்கள். அது போதும்.


முற்றத்துமல்லி
செவ்வாய், காலை 7.12

கடிதம் நேற்று நேரில் குடுத்தனான். வாங்கினவ தமிழ் பிள்ளைதான், நிண்டு முழுசா வாசிச்சவ. இந்த வருசம் விழா முடியுது, அடுத்ததுக்குப் பேசிப் பார்க்கிறம் எண்டா. உறுதி ஒண்டும் தரேல்லை. ஆனால் மூன்றாவது கோரிக்கையை மட்டும் இரண்டு தரம் வாசிச்சா.

இன்னொரு செய்தி. இண்டைக்கு விடிய 5 மணிக்கு இரவு பஸ்ஸில் சித்தப்பா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். வெள்ளவத்தையில் இறக்கி ஓட்டோவில் கொண்டு வந்தனான். கறுத்தக் கொழும்பான் 40, வைக்கோலுக்குள். அம்மா கட்டிலுக்குக் கீழே பேப்பர் விரிச்சு, காம்பு கீழே பார்க்க ஒவ்வொண்டாக அடுக்கினவ. முழங்கால் நோவோடை நிலத்தில் இருந்திட்டா, எழும்பச் சொன்னாலும் கேக்கேல்லை. மகளைப் பக்கத்தில் இருத்தி ஒரு பழத்தைக் குடுத்து 'மணந்து பார், இன்னும் ரெண்டு நாள்' எண்டா. அவள் இப்ப அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் போய் மணந்து பார்க்கிறாள்.

வீடு முழுக்க மணம். மூன்றாம்மாடி அண்ணா, சந்தைக்கணக்கு அண்ணா, ரீச்சர், ஞாயிற்றுக்கிழமை வசதி எண்டால் வாங்கோ, பழம் பதம் வந்திடும். கங்கைக்கரை நானா, அம்மா மல்வானை மரம் பார்க்க வேணும் எண்டு நிக்கிறா. சனிக்கிழமை பிடுங்குவீங்களோ?


கங்கைக்கரை
செவ்வாய், காலை 7.31

பிடுங்குவோம். காலையில 6 மணிக்கு முந்தி வந்தா அம்மாவே கொத்துப் பிடுங்கலாம், தாழ்ந்த கிளை ரெண்டு அவங்களுக்காக விட்டு வெக்கிறேன். உம்மா கதிரை போட்டு வெப்பா. பை கொண்டு வராதீங்க, கூடை கொண்டு வாங்க.